சாப்பிட்டுவிட்டு அளவெடுங்கள்

என் தம்பி கல்யாணத்தில் நான் சாப்பிடவில்லை. ஆல்பத்தைப் புரட்டினால் எல்லோரும் வரிசையாக வாழை இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள், நான் மட்டும் கையில் அப்பளக் கூடையோடு நின்றுகொண்டிருப்பேன். "அக்கான்னா இப்படி இருக்கணும், என்னமா ஓடியாடிப் பரிமாறினா" என்று பெரியம்மா இன்றைக்கும் சொல்லுவார். விஷயம் அதில்லை. என்னால் உட்கார முடியவில்லை, ரவிக்கை அவ்வளவு இறுக்கம். தைக்கக் கொடுத்தபோது நானேதான், "அண்ணே, இன்னும் ரெண்டு மாசம் இருக்கு, அதுக்குள்ள இளைச்சிடுவேன், ஒரு இஞ்ச் பிடிச்சே தைங்க" என்று சொன்னேன். தையற்காரர் சொன்னபடி தைத்துவிட்டார். நான்தான் சொன்னபடி இளைக்கவில்லை.

இப்போது எனக்கு 45 வயது. சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில் நான்கறை வீடு. பாலர் பள்ளியில் ஆசிரியை, அதாவது நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிற வேலை. மாமியார் விட்டுப்போன சிங்கர் தையல் மிஷின் ஒன்று சன்னலோரம் கிடக்கிறது. நான் தையற்காரி இல்லை. ஆனால் கல்யாணம், காதுகுத்து, தீபாவளி என்று வந்தால் நான்கு பேர் உடுப்பையும் பிரித்துவிடுவதும் பிடிப்பதும் என் பொறுப்பு. போன மாதம் என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம், சிராங்கூன் சாலையில் பெருமாள் கோவில் மண்டபத்தில். அதற்கு நாங்கள் கிளம்பிய கதையை வைத்தே செய்முறையைச் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுங்கள். அதுவும் ராத்திரியில், சாப்பிட்ட பிறகு. காலையில் எழுந்ததும் வயிறு உள்ளே போயிருக்கும், அந்த அளவை நம்பித்தான் நான் பலமுறை ஏமாந்தேன். மண்டபத்தில் நீங்கள் இருக்கப்போவது இரண்டு கரண்டி பாயசம் உள்ளே போன உடம்போடு. ஆகவே அளவெடுக்கும் நாளில் முதல் வேலை சமையல்.

எங்கள் வீட்டில் அன்றைக்கு மிளகு ரசமும் பொரித்த நெத்திலியும். யாருக்காவது பள்ளியில் திட்டு விழுந்தாலும், மழையில் நனைந்து வந்தாலும் எங்களுக்கு இதுதான். சின்ன எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து, இரண்டு பழுத்த தக்காளியைக் கையாலேயே பிசைந்துவிட்டு, மஞ்சள்தூள், உப்பு போட்டுப் பச்சை வாசனை போகும்வரை கொதிக்கவிடுங்கள். ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், தோலோடு நாலு பல் பூண்டு, இவற்றை இடிகல்லில் ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். மிக்ஸியில் அரைத்தால் ரசம் கலங்கிப் போகும், வாசனையும் வேறு மாதிரி ஆகிவிடும். தட்டியதைப் போட்டு, வெந்த பருப்புத் தண்ணீர் ஒரு குவளை ஊற்றி, அடுப்பைக் குறைத்துவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். ஓரத்தில் நுரை கட்டி அது நடுவுக்கு வரும்போது அணைத்துவிட வேண்டும். கொதித்தால் போச்சு. நெய்யில் கடுகு, ஒரு காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து ஊற்றி மூடிவிடுங்கள்.

நெத்திலியை இரண்டு தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, காய்ந்த எண்ணெயில் மொறுமொறுவென்று எடுங்கள். ஈரத்தோடு போட்டால் எண்ணெய் தெறிக்கும். சாதம் குழைவாக இருக்கட்டும். யாரையும் "போதும்" என்று தடுக்க வேண்டாம், உங்களையும் சேர்த்துத்தான். தட்டைக் கழுவிவிட்டுக் கால் மணி நேரம் கழித்து இஞ்ச் டேப்பை எடுங்கள்.

கல்யாணத்தன்று எந்த உள்ளாடை போடுவீர்களோ அதன்மேல்தான் அளவு. டேப்புக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும். மார்புச் சுற்று, ரவிக்கை முடிகிற இடத்தின் சுற்று, மேல்கைச் சுற்று, கை முடிகிற இடத்தின் சுற்று, நாலும் போதும். நின்று ஒருமுறை, நாற்காலியில் உட்கார்ந்து ஒருமுறை. மார்புக்குக் கீழே உட்காரும்போது கண்டிப்பாகக் கூடும். எது பெரிதோ அதை எழுதிக்கொள்ளுங்கள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். நான் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து என் மகன், "அம்மா, நீச்சல் குளத்துல குதிக்கப் போறீங்களா?" என்று கேட்டான்.

அப்புறம் பழைய ரவிக்கையைக் கொக்கி மாட்டித் தரையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள்வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். என்னுடையது 38 இஞ்ச் வந்தது. தேவை 40. இரண்டு இஞ்ச் வித்தியாசம் என்றதும் புதுசு தைக்கத் தேக்கா கடைகளுக்கு ஓட வேண்டாம். ரவிக்கையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். கை ஓரத்திலிருந்து அக்குள் வழியாகக் கீழே இடுப்புவரை ஒரே தையல் ஓடுகிறதா? அதற்கு வெளியே, துணி விளிம்புக்குள், கால் இஞ்ச் இடைவெளியில் இன்னும் ஒன்றிரண்டு தையல் அதே போக்கில் ஓடும். நல்ல தையற்காரர்கள் அதை வேண்டுமென்றே போட்டு வைக்கிறார்கள். இந்தப் பெண் மூன்று வருடம் கழித்தும் இதே பட்டைக் கட்ட ஆசைப்படுவாள் என்று தெரிந்து வைத்திருக்கிற மனுஷர்கள். இரண்டு மாசத்தில் இளைப்பேன் என்று நான் அளந்துகொண்டிருந்தபோது அந்தத் தையற்கார அண்ணனும் உள்ளே ஒன்றரை இஞ்ச் விட்டுத்தான் வைத்திருந்திருக்கிறார். அது எனக்குத் தெரியவே பத்து வருடம் ஆனது.

கணக்கு இப்படி. உடம்பை ஒட்டிய தையலைப் பிரித்தால் கால் இஞ்ச் தள்ளியிருக்கும் அடுத்த தையல் பிடித்துக்கொள்ளும்: முன்பக்கத்துக்குக் கால், பின்பக்கத்துக்குக் கால், ஆக ஒரு பக்கத்துக்கு அரை இஞ்ச். இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு இஞ்ச். எனக்கு இரண்டு வேண்டும், ஆகவே இரண்டு வரிசை பிரித்தேன், மூன்றாவது வரிசை நின்றது.

பிரிக்கும்போது அவசரம் கூடாது. தையல் பிரிக்கிற சின்னக் கருவி மலிவுப் பொருள் விற்கிற 'இரண்டு வெள்ளி' (டாலர்) கடையில் கிடைக்கும், முனை பாம்பு நாக்கு மாதிரி இருக்கும். நூலின் ஒரு முனையைப் பிடித்துச் சர்ரென்று இழுக்காதீர்கள், பட்டுத் துணி கிழியும். ஒரு பக்கத்தில் நாலைந்து தையலுக்கு ஒன்று என வெட்டிக்கொண்டே போங்கள். பிறகு துணியைத் திருப்பி, மறுபக்கத்து நூலை மெதுவாகத் தூக்கினால் முழு நீளமாகக் கழன்று வரும். பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். நான் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், எதிர்வீட்டுச் சீன ஆண்ட்டி வந்து பார்த்துவிட்டுத் தன்னுடைய இரண்டு கால்சட்டையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அது வேறு கதை.

கீழ்மடிப்பு பக்கத் தையலின்மேல் ஏறியிருந்தால் மடிப்பையும் ஓர் இஞ்ச் பிரித்துத் திரும்ப மடித்துத் தைக்க வேண்டும். அக்குளில் கையால் நாலு கெட்டித் தையல் போடுங்கள், வெடிப்பது எப்போதும் அங்கேதான். பழைய ஊசித் துளைகள் கோடாகத் தெரியும். உள்பக்கமாக ஈரப் பருத்தித் துணி போட்டு மிதமான சூட்டில் தேய்த்து, நகத்தால் மெல்ல நீவிவிட்டால் பாதி மறையும். மீதி மறையாது. மறைந்திருந்த துணி வெளுக்காமல் கொஞ்சம் அடர்த்தியாகவும் இருக்கும். கையைத் தூக்கினால்தான் தெரியும், தெரிந்துவிட்டுப் போகட்டும்.

உள்ளே துணியே விடாமல் தைத்திருந்தால்? சேலையில் இடுப்பில் செருகும் முனை இருக்கிறதே, தலைப்புக்கு எதிர்முனை, அங்கே நாலு இஞ்ச் வெட்டினால் யாருக்கும் தெரியாது. அதிலிருந்து பக்கத்துக்கு ஒரு பட்டி கிழித்து அக்குளிலிருந்து இடுப்புவரை வைத்துத் தைக்கலாம். உள்ளே பருத்தியில் லைனிங் கொடுங்கள், டூ பை டூ துணி நல்லது. இதற்கும் பொறுமை இல்லையென்றால் இருக்கிற வேறொரு ரவிக்கையைப் போட்டுக்கொண்டு கான்ட்ராஸ்ட் என்று சொல்லிவிடலாம். நான் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேர் எங்கே தைத்தீர்கள் என்றுகூடக் கேட்டார்கள்.

சரி, தைத்தாயிற்று. போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன்னால் சும்மா நிற்காதீர்கள். அட்சதை போடுகிற மாதிரி கையைத் தூக்கி வீசுங்கள். குனிந்து செருப்பு வாரை மாட்டுங்கள். தரையில் சம்மணம் போட்டு உட்காருங்கள். மூன்றிலும் மூச்சு முட்டவில்லை என்றால் ரவிக்கை தயார்.

ரவிக்கையைவிட வேதனை தருவது பாவாடை நாடா. ஒடுக்கமான நாடாவை வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டி, இடுப்பைச் சுற்றிக் கறுத்துப்போன பெண்களை நம் வீடுகளில் எல்லோரும் பார்த்திருப்போம். அந்த இடம் உரசி உரசி ஆறாத புண்ணாவது பற்றி மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். நாடாவை உருவிவிட்டு ஒன்றரை இஞ்ச் அகல எலாஸ்டிக் கோர்த்துவிடுங்கள். நாடாதான் வேண்டும் என்றால் அகலமாகப் போடுங்கள், முடிச்சு கொசுவம் வருகிற இடத்தில் வேண்டாம், சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். கட்டியதும் கட்டிலில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்.

இன்னொன்றைப் பெண்களுக்குள்ளேயே பேசிக்கொள்ளத் தயங்குவோம்: தொடை உரசல். இங்கே மத்தியானம் 31, 32 டிகிரி, காற்றெல்லாம் ஈரம். பாவாடைக்குள்ளே முட்டிக்கு மேல் நிற்கிற பருத்திக் குட்டைக் கால்சட்டை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். மண்டபத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் நடக்கிற பத்து நிமிஷம்தான் அந்த நாளையே கெடுக்கும். வயிற்றை அமுக்குகிற ஷேப்வேர் சிலருக்குப் பிடிக்கும், நான் ஒருமுறை போட்டுவிட்டு மதியமே கழிவறையில் கழற்றிக் கைப்பையில் திணித்துக்கொண்டு வந்தேன்.

சேலை கட்டுவதில் எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. இடுப்பு அகலமானவர்கள் தலைப்பை முதலில் அளந்து தோளில் குத்திவிட வேண்டும், மிச்சத் துணியில்தான் கொசுவம். ஏழு மடிப்பு வராது, அஞ்சு வரும். அஞ்சு போதும். ஏழு வர வேண்டும் என்று இழுத்தால் தலைப்பு முதுகோடு நின்றுபோகும். குண்டாக இருப்பவர்கள் கறுப்பும் கருநீலமும்தான் உடுத்த வேண்டும், கரை சின்னதாக இருக்க வேண்டும் என்கிற பேச்சை நான் கேட்பதில்லை. நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு நான் கட்டியது கிளிப்பச்சைக்கு அரக்குக் கரை, கரை மட்டும் நாலு இஞ்ச்.

கணவர் கதை சுருக்கம். ஒட்டும் பட்டி வைத்த வேட்டியை ஒரு சுற்று தளர்த்தி ஒட்டிக்கொண்டார், ஜிப்பாவின் பக்கத் திறப்பை நான் இரண்டு இஞ்ச் மேலே பிரித்துவிட்டேன். ஐந்து நிமிஷ வேலை. அவரை யாரும் எதுவும் கேட்கவும் இல்லை.

மகள்தான் இழுத்தடித்தாள். அவளுக்கு 14 வயது, உயர்நிலை இரண்டு. பாவாடை தாவணியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "நான் வரல, நீங்க போங்க" என்றாள். என்னடா என்றால் கை. கை குண்டாகத் தெரிகிறதாம், மேலே குளிருக்குப் போடுகிற ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வருகிறாளாம். இந்த இடத்தில் நாம் எல்லோரும் செய்கிற தப்பு, "நீ அழகாத்தான்டா இருக்கே" என்று உடனே சொல்வது. அந்த வயசில் அம்மா சொன்னால் அது கணக்கில் வராது. நான் கேட்டது, "எங்கடா இறுக்குது?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கை முடிகிற இடத்தைக் காட்டினாள். பார்த்தால் பட்டி சதையில் பதிந்து சிவந்திருந்தது. வலித்ததைத்தான் குண்டு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தப் பட்டியைப் பிரித்து, தாவணி ஓரத்தில் கிடைத்த துணியை வைத்துக் கையை முழங்கைவரை நீட்டித் தைத்தேன், சுற்றிலும் ஒரு இஞ்ச் தாராளம் விட்டு. போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ஜாக்கெட்டைத் திரும்ப அலமாரியில் மாட்டிவிட்டாள்.

எனக்கு அவள் நிற்கிற நிலை தெரியும். நான் தொடக்கநிலை ஐந்தில் இருந்தபோதுதான், 1992ல், எடை கூடிய மாணவர்களுக்கென்று டிஏஎஃப் (TAF) என்ற உடற்பயிற்சித் திட்டம் பள்ளிகளுக்கு வந்தது. இடைவேளையில் மற்ற பிள்ளைகள் பீஹூன் வாங்க வரிசையில் நிற்க, நாங்கள் ஆறேழு பேர் திடலைச் சுற்றி ஓடுவோம். அந்த மூன்று ஆங்கில எழுத்தையும் திருப்பிப் படித்தால் என்ன வரும் என்று கண்டுபிடிக்க எங்கள் வகுப்புப் பையன்களுக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. 2007ல் அந்தத் திட்டத்தை நிறுத்தினார்கள். ஓடியது எனக்குக் கெடுதல் இல்லை, இன்றைக்கும் ஈசூன் குளத்தைச் சுற்றி நடக்கிறேன். ஆனால் சாப்பிடும்போது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கிற பழக்கம் போக ரொம்ப நாள் ஆனது. ஆகவே வீட்டில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன், அது எனக்கு நானே போட்டது: பிள்ளைகள் காதில் விழ என் தொப்பையைப் பற்றிப் புலம்பக் கூடாது. வாரத்துக்கு இரண்டு தடவை மறந்துவிடுகிறேன்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். பிள்ளை சட்டை இறுக்கம் என்கிறதா, அல்லது தொடர்ந்து சாப்பாட்டையே தவிர்க்கிறதா? இரண்டாவது என்றால் ஊசிநூல் உதவாது. பள்ளி ஆலோசகரிடமோ பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்) பேசிவிடுங்கள். என்னுடைய சர்க்கரை அளவையும் அங்கேதான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன். அதை அத்தைமார்களிடம் காட்டுவதில்லை.

அத்தைமார்கள் என்றதும் ஞாபகம் வருகிறது. மண்டபத்து வாசலில் சந்தனம் எடுக்கக் கை நீட்டும்போதே ஆரம்பித்துவிடுவார்கள். "என்னம்மா, நல்லா பூசினாப்ல ஆயிட்ட!" போன வருடம் காய்ச்சலில் விழுந்து எழுந்து வந்தபோது இதே வாய், "இப்படி இளைச்சுட்டியே, வீட்ல சமைக்கிறதில்லையா?" என்றது. ஆக நம் உடம்பில் ஒன்றும் இல்லை, அவர்களுக்குப் பேச்சைத் தொடங்க ஒரு நுனி வேண்டும், அவ்வளவுதான். வேறு நுனியைக் கையில் கொடுங்கள். "ஆமா அத்தை. இந்தப் பட்டு எங்க எடுத்தீங்க, ஜரிகை பளிச்சுன்னு இருக்கே?" அடுத்த பத்து நிமிஷம் அவர் சேலையைப் பற்றித்தான். மகளிடம் சொன்னால் மட்டும் நான் விடுவதில்லை. "அவகிட்ட வேண்டாம் அத்தை, என்கிட்ட சொல்லுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வேன், கையைப் பிடித்துக்கொண்டு. கை பிடித்திருக்கும்போது யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

கல்யாணத்தன்று காலைக்கு வருவோம். முந்தின ராத்திரி நெத்திலி, கருவாடு, ஊறுகாய் வேண்டாம். உப்பு கூடினால் காலையில் விரல் உப்பும், மோதிரமும் வளையலும் ஏறாது. ஏறவே இல்லை என்றால் காய்கறி போட்டுத் தருகிற மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு, அதன்மேல் வளையலைத் தள்ளுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். 2023 ஜூலையிலிருந்து பெரிய பேரங்காடிகளில் பொருள் தூக்கிவரும் பைக்குக் குறைந்தது 5 காசு வாங்குவதால் என் சமையலறை இழுப்பறையில் ஒரு பையும் வீணாவதில்லை.

வெறும் வயிற்றோடு கிளம்பாதீர்கள். முகூர்த்தம் முடிந்து பந்தி போட மதியம் ஆகிவிடும். நாங்கள் ஆளுக்கு நாலு இட்லி தின்றுவிட்டுத்தான் உடுத்த ஆரம்பித்தோம். சட்னி சிந்தும் என்பதால் சாப்பாடு முதலில், பட்டு அப்புறம். ஈசூனிலிருந்து ரயில் ஏறி டோபி காட்டில் மாறி ஃபேரர் பார்க்கில் இறங்கினால் பெருமாள் கோவில் பக்கம்தான். மின்படியில் இறங்கும்போது கொசுவத்தை இடது கையால் ஒரு சாண் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், கரை பல்லில் மாட்டினால் விபரீதம். ரயிலில் குளிராக இருக்கும், வியர்வை அங்கே ஆறட்டும். இறங்கியதும் ஓடாதீர்கள்.

படம் எடுக்கும்போது பின்வரிசைக்குப் போகாதீர்கள். நான் பல வருஷம் யாராவது குழந்தையைத் தூக்கி மடியில் வைத்து மறைத்துக்கொண்டேன். அந்தக் குழந்தைகள் எல்லாம் இப்போது வளர்ந்து தேசிய சேவை (கட்டாயப் படைச் சேவை) செய்துகொண்டிருக்கிறார்கள், இனித் தூக்க முடியாது.

பந்தியில் இந்தத் தடவை முதல் வரிசையிலேயே உட்கார்ந்தேன். பக்கத்தில் மகள், அவளுக்குப் பக்கத்தில் பெரியம்மா. பெரியம்மா சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பரிமாறப் போகல?" என்றார். "தம்பி பரிமாறுவான் பெரியம்மா" என்றேன். அப்பளக் கூடையோடு அவன்தான் வந்தான், நான் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ரவிக்கையை உள்பக்கம் திருப்பி மின்விசிறிக்குக் கீழே ஓர் இரவு தொங்கவிடுங்கள். ஈரத்தோடு மடித்தால் இந்த ஊரில் பூஞ்சை பிடிக்கும். மடிக்கும்போது ஒரு துண்டுச் சீட்டில் தேதியும் நாலு அளவும் எழுதி உள்ளே ஊக்கால் குத்தி வையுங்கள். உள்ளே இன்னும் எத்தனை வரிசை தையல் பாக்கி இருக்கிறது என்றும் எழுதுங்கள். என்னுடையதில் ஒன்று பாக்கி.